டைப்-சி போர்ட்டில் முழு வேகம் பெறுவது எப்படி: யுஎஸ்பி4, தண்டர்போல்ட் முழுமையான வழிகாட்டி

சென்ற வருடம் ஒரு யுஎஸ்பி4 எஸ்எஸ்டி வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 40 ஜிகாபிட், அதாவது சுமார் 5 ஜிபி) என்று பெரிதாகப் போட்டிருந்தது. தங்கை கல்யாண வீடியோக்கள் 100 ஜிபி இருந்தன. அவற்றை அதில் ஏற்றத் தொடங்கினால் நொடிக்கு 40 எம்பிதான் ஓடியது. முடிய நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. லேப்டாப்பும் புதிது, எஸ்எஸ்டியும் புதிது. டிரைவர்களைத் தேடினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன், இரண்டு மாலை நேரம் போனது. பிழை இருந்தது கேபிளில். பெட்டியோடு வந்த குட்டை ஒயரை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய போன் சார்ஜர் ஒயரைச் செருகியிருந்தேன். மாற்றியதும் அதே 100 ஜிபி ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அந்த இரண்டு மாலையும் போனதற்குக் காரணம், எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை எனக்குத் தெரியாததுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும்.

இயங்குதளத்துக்கு இதில் என்ன வேலை?

யுஎஸ்பி என்றால் செருகினால் வேலை செய்யும் என்று பழகிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு புதிய தரம் வரும்போதும் இயங்குதளம் அதைக் கற்றுக்கொள்ளக் காலம் பிடித்திருக்கிறது. யுஎஸ்பி 3.0 தரம் 2008 நவம்பரில் வெளியானது. அதற்கு முதலில் ஆதரவு தந்தது லினக்ஸ். இன்டெலில் இருந்த சாரா ஷார்ப் எழுதிய டிரைவர் 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) சேர்ந்தது. விண்டோஸில் அது உள்ளேயே அமைந்து வர 2012-இல் விண்டோஸ் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இருந்த விண்டோஸ் 7-க்குச் சிப் செய்த நிறுவனங்களின் டிரைவர்தான் துணை. 2015-இல் இன்டெல் தன் 100 வரிசைச் சிப்செட்டில் பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியை எடுத்துவிட்டது. விளைவு, அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7 நிறுவப் போனால், நிறுவும் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். வன்பொருள் நன்றாகத்தான் இருந்தது. அதோடு பேச இயங்குதளத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

யுஎஸ்பி4-இல் இந்தச் சார்பு இன்னும் கூடிவிட்டது. தண்டர்போல்ட் என்பது இன்டெலின் அதிவேக இணைப்பு முறை. இன்டெல் கொடுத்த தண்டர்போல்ட் 3 நெறிமுறையை அடிப்படையாக வைத்து 2019 ஆகஸ்டில் இந்தத் தரம் வந்தது. ஒரே கேபிளுக்குள் மூன்று விதமான போக்குவரத்து ஓடும்: சாதாரண யுஎஸ்பி 3 தரவு, டிஸ்ப்ளேபோர்ட் காட்சி, பிசிஐஇ தரவு (கணினிக்குள் டிஸ்க்கும் கிராபிக்ஸ் கார்டும் பேசும் அதிவேக வழி). ஒவ்வொன்றுக்கும் தனிச் சுரங்கப்பாதை. கருவியைச் செருகியதும், எந்தச் சுரங்கத்தைத் திறப்பது, எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய ஒரு மேலாளர் வேண்டும். பழைய தண்டர்போல்ட் 3 கணினிகளில் பெரும்பாலும் அந்த மேலாளர் ஃபர்ம்வேராக, அதாவது சிப்புக்குள்ளேயே பதிந்த மென்பொருளாக இருந்தது. யுஎஸ்பி4 வந்தபின் அந்தப் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. அதனால் இயங்குதளம் பழையதாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டாக்கும் (ஒரே கேபிளில் திரை, டிஸ்க், கீபோர்ட் எல்லாம் மாட்ட உதவும் பெட்டி) பாதி வேலைதான் செய்யும்.

படி 1: எந்த போர்ட் என்று பாருங்கள்

டைப்-சி என்பது வடிவத்தின் பெயர். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே வடிவத்துக்குள் 480 எம்பிபிஎஸ் போர்ட்டும் இருக்கலாம், 80 ஜிபிபிஎஸ் போர்ட்டும் இருக்கலாம். ஒரே லேப்டாப்பிலேயே போர்ட்டுக்குப் போர்ட் மாறும். 2023-இல் வந்த ஏஎம்டி ஃப்ரேம்வொர்க் 13 லேப்டாப்பில் நான்கு டைப்-சி இடங்கள் உண்டு. பின்பக்கம் இருக்கும் இரண்டுதான் யுஎஸ்பி4, முன்பக்கம் இருப்பவை யுஎஸ்பி 3.2.

போர்ட் பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். 40 என்று எண் இருந்தால் யுஎஸ்பி4. எஸ்எஸ் என்ற எழுத்துகளோடு 5 அல்லது 10 இருந்தால் யுஎஸ்பி 3 வகை. ஒன்றுமே அச்சிடாத லேப்டாப்களும் நிறைய. அப்போது தயாரிப்பாளரின் விவரத்தாளில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, போர்ட் வரைபடத்தைப் பாருங்கள். கடைக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி4 தரத்தில் கணினிப் பக்கம் பிசிஐஇ சுரங்கம் கட்டாயம் இல்லை. தண்டர்போல்ட் 4-இல் அது கட்டாயம், அதுவும் 32 ஜிபிபிஎஸ் அளவுக்கு. இரண்டு 4கே திரைகளை ஓட்டும் திறனும் அதில் கட்டாயம். வெளி கிராபிக்ஸ் கார்டு மாட்டும் எண்ணம் இருந்தால் யுஎஸ்பி4 என்ற பெயர் மட்டும் போதாது, விவரத்தாளில் பிசிஐஇ பற்றித் தேடிப் பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் (எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளவை) நிலைமை வேறு. போர்ட் தண்டர்போல்ட்டாகவே இருந்தாலும், வெளி கிராபிக்ஸ் கார்டு மூலம் திரையை ஓட்ட ஆப்பிள் வழி தரவில்லை.

படி 2: கேபிள்

இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பார்ப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் செய்தேன். போர்ட்டைப் பார்த்த கையோடு பார்க்க வேண்டியது இதைத்தான்.

போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 ஒயர்கள். மின்சாரம் 60 வாட், 100 வாட் என்று தாராளமாகப் போகும், ஆனால் தரவுக்கு 480 எம்பிபிஎஸ்தான். நடைமுறையில் நொடிக்கு 35 முதல் 40 எம்பி. அதிவேகத் தரவுக்கான கம்பி இணைகளே அதற்குள் இருக்காது. அதனால் எந்த டிரைவரைப் போட்டாலும் வேகம் கூடாது. பருமனாக இருக்கிறது, நூல் சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் அடையாளம் ஆகாது. 240 வாட் என்று எழுதிய கேபிளும் 480 எம்பிபிஎஸ் ஆக இருக்கலாம்.

வாங்கும்போது கேபிளின் தலையில் இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: 40 ஜிபிபிஎஸ் போன்ற தரவு எண் ஒன்று, 60 அல்லது 240 வாட் என்று மின் எண் ஒன்று. தண்டர்போல்ட் 4 கேபிளில் மின்னல் குறியோடு 4 என்றும் போட்டிருக்கும். நீளமும் முக்கியம். உள்ளே சிப் இல்லாத சாதாரண 40 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி4 கேபிள் ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்குள்தான் வரும். அதற்கு மேல் நீளம் வேண்டுமானால் சான்று பெற்ற தண்டர்போல்ட் 4 கேபிளாக 2 மீட்டர் வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் யுஎஸ்பி 2.0 முதல் யுஎஸ்பி4 வரை எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும். வீட்டில் எத்தனையோ ஒயர்கள் கிடந்தாலும் இப்படி ஒரு நல்ல கேபிள் இருந்தால், சந்தேகம் வரும்போதெல்லாம் அதை மாட்டிச் சோதிக்கலாம்.

படி 3: பயாஸும் ஃபர்ம்வேரும்

லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸை (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுங்கள். டாக்குக்கும் தனியாக ஃபர்ம்வேர் உண்டு, அதையும் ஏற்றுங்கள். லினக்ஸில் எஃப்டபிள்யுஅப்டி என்ற கருவி பல டாக்குகளுக்கு இதைத் தானே செய்யும். மின்சாரம் அடிக்கடி போகும் இடமானால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, டாக்கில் இல்லை. பாதியில் கரண்ட் போனால் டாக் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது.

பயாஸுக்குள் தண்டர்போல்ட் பாதுகாப்பு நிலை என்று ஓர் அமைப்பு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்ற நிலையில் இருந்தால், திரை வரும், டிஸ்க் வராது. பயனர் அனுமதி என்ற நிலை போதுமானது. பாதுகாப்பே வேண்டாம் என்ற நிலைக்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளை ஏற்காதீர்கள். காரணம் ஐந்தாவது படியில் வரும்.

படி 4: இயங்குதளம் என்ன சொல்கிறது?

விண்டோஸ்: யுஎஸ்பி4-க்கான மேலாளர் விண்டோஸ் 11-இல்தான் வந்தது. விண்டோஸ் 10-இல் ஃபர்ம்வேர் மேலாளர் உள்ள பழைய தண்டர்போல்ட் கணினிகள் ஓடும், புதிய யுஎஸ்பி4 கணினிகளுக்கு அது சரிப்படாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் யுஎஸ்பி, அதற்குள் யுஎஸ்பி4 ஹப்ஸ் அண்ட் டிவைசஸ் என்று போங்கள். உங்கள் கணினியில் தொடங்கி டாக், அதன் பின்னால் உள்ள டிஸ்க் வரை சங்கிலியாகக் காட்டும். இந்தப் பக்கமே இல்லையென்றால், கணினியில் யுஎஸ்பி4 இல்லை அல்லது அதை விண்டோஸ் மேலாளர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பக்கம் இருந்து, செருகிய கருவி மட்டும் அதில் வராவிட்டால், மறுபடி கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேக்: ஆப்பிள் மெனுவில் அபௌட் திஸ் மேக், மோர் இன்ஃபோ, சிஸ்டம் ரிப்போர்ட். இடதுபக்கப் பட்டியலில் தண்டர்போல்ட்/யுஎஸ்பி4 என்ற வரியைத் தட்டினால் ஒவ்வொரு போர்ட்டிலும் இணைப்பு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். கருவி அங்கே வராமல் யுஎஸ்பி என்ற வரிக்குக் கீழே வந்தால், அது சாதாரண யுஎஸ்பியாக இறங்கி ஓடுகிறது. யுஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்று விற்கும் 20 ஜிபிபிஎஸ் எஸ்எஸ்டிகளை மேக்குக்காக வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எம்1, எம்2 மேக்குகளில் அவை 10 ஜிபிபிஎஸ்ஸாகத்தான் ஓடும். யுஎஸ்பி4 தரத்திலேயே 2×2 கட்டாயம் இல்லை, எனவே பல விண்டோஸ் கணினிகளிலும் இதே கதைதான். என்னைக் கேட்டால், 2×2 என்ற வகையையே தவிர்த்துவிட்டு நேராக யுஎஸ்பி4 வாங்குங்கள், அல்லது பணத்தை மிச்சம் பிடித்து 10 ஜிபிபிஎஸ்ஸில் நில்லுங்கள்.

லினக்ஸ்: முதலில் கர்னல் எண்ணைப் பாருங்கள். யுஎஸ்பி4 ஆதரவு 2020 மார்ச்சில் வந்த 5.6 கர்னலில் தொடங்கியது. உபுண்டு 22.04 தொடக்கத்தில் 5.15 கர்னலோடும், 24.04 பதிப்பு 6.8 கர்னலோடும் வந்தன. டெபியன் 12-இல் இருப்பது 6.1. எல்லாமே போதும். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையோடு டி என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால், கருவிகள் மரமாக விரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேகம் இருக்கும்: 480எம் என்றால் யுஎஸ்பி 2.0, 5000எம் என்றால் 5 ஜிபிபிஎஸ், 10000எம் என்றால் 10 ஜிபிபிஎஸ். அப்புறம் போல்ட் என்ற தொகுப்பு நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். ரெட் ஹேட்டில் கிறிஸ்டியன் கெல்னர் உருவாக்கியது அது. போல்ட்சிடிஎல் என்று கட்டளை கொடுத்தால் தண்டர்போல்ட், யுஎஸ்பி4 கருவிகளையும் அவற்றுக்கு அனுமதி உண்டா என்பதையும் காட்டும்.

எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் உங்கள் யுஎஸ்பி4 எஸ்எஸ்டி வராவிட்டால் பயப்பட வேண்டாம். அது நல்ல அறிகுறியாகவே இருக்கலாம். பிசிஐஇ சுரங்கம் திறந்துவிட்டால் அந்த டிஸ்க்கை லினக்ஸ் யுஎஸ்பி கருவியாகவே நினைக்காது, மதர்போர்டில் செருகிய என்விஎம்இ டிஸ்க்காகத்தான் (பிசிஐஇ வழியாக நேரடியாக ஓடும் எஸ்எஸ்டி) பார்க்கும். எனவே டிஸ்க்கின் பெயரைப் பாருங்கள். என்விஎம்இ என்று தொடங்கினால் முழு வழியில் ஓடுகிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று வந்தால் யுஎஸ்பி 3 வழியாக இறங்கிவிட்டது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லாது. மேக்கிலும் இதே சோதனை உண்டு: சிஸ்டம் ரிப்போர்ட்டில் என்விஎம் எக்ஸ்பிரஸ் என்ற வரிக்குக் கீழே உங்கள் வெளி டிஸ்க் இருக்க வேண்டும்.

படி 5: அனுமதி கொடுப்பது, யோசித்துக் கொடுப்பது

பிசிஐஇ சுரங்கம் வழியாக வரும் கருவி, செயலியைக் கேட்காமலே கணினியின் நினைவகத்தைத் தொட முடியும். வேகத்தின் ரகசியமும் அதுதான், ஆபத்தும் அதுதான். தீய நோக்கத்தோடு செய்த ஒரு கருவி, நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொற்களைக்கூட படித்துவிடலாம். 2019-இல் தண்டர்கிளாப், 2020-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து தண்டர்ஸ்பை என்று இரண்டு ஆய்வுகள் இதைச் செய்தே காட்டின. எனவே இயங்குதளங்கள் கருவிக்கும் நினைவகத்துக்கும் நடுவில் ஐஓஎம்எம்யு என்ற காவலரை நிறுத்துகின்றன. கருவிக்கென ஒதுக்கிய பகுதிக்கு வெளியே அது போக முடியாது.

விண்டோஸில் இது கர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன் என்ற பெயரில் 2018-இன் 1803 பதிப்பிலிருந்து உண்டு. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலியைத் திறந்து, அந்த வரிக்கு நேராக ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். ஆஃப் என்றால் பயாஸில் விடி-டி அல்லது ஐஓஎம்எம்யு அணைந்திருக்கலாம், இயக்குங்கள். கணினி பழையதாக இருந்து அந்த வசதியே இல்லாமலும் போகலாம்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் லேப்டாப்களில் 2022-இன் வென்ச்சுரா பதிப்பிலிருந்து, புதுக் கருவியைச் செருகினால் அனுமதிக்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால், சார்ஜ் மட்டும் ஏறும், டாக்கின் மற்ற எதுவும் வேலை செய்யாது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் இந்த அமைப்பை மாற்றலாம். டாக் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

லினக்ஸின் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலில், திரை பூட்டாமல் இருக்கும்போது செருகினால் அனுமதி தானே கிடைக்கும். பூட்டிய திரையில் செருகினால் கிடைக்காது. இதில் ஒரு சிக்கல் பலரைக் குழப்பும். தண்டர்போல்ட் 3 டாக்குகளின் யுஎஸ்பி போர்ட்டுகள் பிசிஐஇ சுரங்கத்துக்குப் பின்னால் இருப்பவை. அனுமதி கிடைக்கும்வரை அங்கே மாட்டிய கீபோர்ட் வேலை செய்யாது. டிஸ்க்கை மறையாக்கம் செய்திருந்தால், கணினி துவங்கும்போது கடவுச்சொல் கேட்கும் இடத்தில் டாக் கீபோர்டில் தட்டினால் ஒன்றும் நடக்காது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் தட்டுங்கள். தண்டர்போல்ட் 4, யுஎஸ்பி4 டாக்குகளில் கீபோர்ட் யுஎஸ்பி சுரங்கம் வழியாகவே வருவதால் இந்தச் சிரமம் குறைவு. போல்ட்சிடிஎல்லில் ஒரு முறைக்கு மட்டும் அனுமதி கொடுக்க ஆத்தரைஸ், நிரந்தரமாகப் பதிய என்ரோல். உங்கள் சொந்த டாக்குக்கு என்ரோல் கொடுங்கள். அலுவலகக் கூட்ட அறையில் இருப்பதற்கு ஒரு முறை அனுமதி போதும்.

படி 6: திரைகள்

4கே திரை 30 ஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறது, மவுஸ் இழுபடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். டாக் யுஎஸ்பி4 வகையா, சாதாரண டைப்-சி வகையா என்று பாருங்கள். சாதாரண டைப்-சி டாக்கில் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டு யுஎஸ்பி 3 தரவுக்குப் போய்விடும், காட்சிக்கு மிச்சம் இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் அந்த இரண்டு தடத்தில் 8.64 ஜிபிபிஎஸ்தான் போகும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 12 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் வேண்டும். லேப்டாப்பும் டாக்கும் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஆக இருந்தால், இரண்டு தடத்திலேயே 12.96 கிடைக்கும், 60 ஹெர்ட்ஸ் வந்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள் டாக் வாங்கும் முன் எம்எஸ்டி என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓடையைப் பிரித்து இரண்டு திரைக்குக் கொடுக்கும் முறை அது. விண்டோஸிலும் லினக்ஸிலும் அதில் இரண்டு திரையிலும் தனித்தனிக் காட்சி வரும். மேக்கில் இரண்டிலும் ஒரே காட்சிதான் வரும். டாக்கில் குறை ஒன்றுமில்லை. மேக்ஓஎஸ் அந்த முறையில் திரையை விரிக்க ஆதரவு தரவில்லை. காட்சியைச் சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் ஒரு மாற்றுவழி, ஆனால் அதற்குத் தனி மென்பொருள் போட்டு, திரைப்பதிவு அனுமதியும் கொடுக்க வேண்டும்.

படி 7: அளந்து பாருங்கள்

20 ஜிபிக்குக் குறையாத ஒரே பெரிய கோப்பை நகல் எடுங்கள். ஆயிரம் சிறு படங்களை வைத்துச் சோதித்தால் எந்த டிஸ்க்கும் மெதுவாகத்தான் தெரியும். நொடிக்கு 40 எம்பி அருகில் நின்றால் யுஎஸ்பி 2.0 கேபிள். 400 முதல் 450 என்றால் 5 ஜிபிபிஎஸ். 1000 அருகில் என்றால் 10 ஜிபிபிஎஸ், அதாவது யுஎஸ்பி4 சுரங்கம் திறக்கவில்லை. 2500-ஐத் தாண்டினால் 40 ஜிபிபிஎஸ் இணைப்பு நன்றாக ஓடுகிறது. தொடக்கத்தில் வேகமாகப் போய், சில பத்து ஜிபிக்குப் பின் சரிந்தால் இணைப்பைக் குறை சொல்லாதீர்கள். எஸ்எஸ்டியின் தற்காலிகச் சேமிப்பு நிரம்பியிருக்கும், அல்லது அது சூடாகியிருக்கும்.

80 ஜிபிபிஎஸ் வாங்கலாமா?

யுஎஸ்பி4-இன் இரண்டாம் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. இரு திசையிலும் 80 ஜிபிபிஎஸ் போகும், திரைக்காக ஒரு திசையில் மட்டும் 120 வரை கூட்டவும் வழி உண்டு. தண்டர்போல்ட் 5 இதன் மேல் கட்டியது. லினக்ஸில் இதற்கு 6.5 கர்னல் வேண்டும், ஆக உபுண்டு 24.04 போதும், டெபியன் 12-இன் இயல்பான கர்னல் போதாது, 13-க்குப் போக வேண்டும். விண்டோஸ் 11-இல் 2024 தொடக்கத்து அப்டேட்டில் ஆதரவு சேர்ந்தது. மேக்கில் எம்4 புரோ, எம்4 மேக்ஸ் சிப்புகளிலிருந்து உண்டு. சாதாரண எம்4-இல் தண்டர்போல்ட் 4தான்.

அதிவேகத் திரைகளோ 8கே வீடியோ வேலையோ இல்லாதவர்களுக்கு இப்போது இது தேவைப்படாது என்பது என் எண்ணம். அந்தப் பணத்துக்கு நல்ல 40 ஜிபிபிஎஸ் டாக் ஒன்றும், சான்று பெற்ற கேபிள் இரண்டும் வாங்கலாம். வாங்கிய அன்றே ஒவ்வொரு கேபிளிலும் சிறு காகிதம் ஒட்டி, வேகத்தையும் வாட்டையும் எழுதி வையுங்கள். பழைய போன் ஒயர்களிலும் சார்ஜ் மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.